பழைய காரும் பொது வானமும்

ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பவனைக் கண்டால் உலகம் நகைக்கும். ஆயின், நீரினும் நுண்ணிய பொருளொன்றைக் கண்ணுக்குப் புலப்படாத துளைகளுள்ள கலத்தில் ஆண்டுதோறும் விலைகொடுத்து வார்த்து வந்தவர்களைப் பார்த்து எவரும் நகைத்ததில்லை. மோட்டார் கார்களின் குளிர்சாதனத்தைத் திருத்துதல் என்பது பல நாடுகளில் நெடுங்காலம் இவ்வாறே நடைபெற்று வந்தது. கோடை தொடங்கியதும் வண்டி கராஜுக்குப் போகும். “வாயு குறைந்துவிட்டது” என்பார் திருத்துநர். வாயு நிரப்பப்படும், பணம் கைமாறும். அடுத்த கோடையில் அதே வண்டி அதே குறையோடு அதே வாசலில் வந்து நிற்கும். குறைந்துபோன வாயு எங்கே போயிற்று என்ற கேள்வியை மட்டும் வண்டிக்காரரும் கேட்பதில்லை, திருத்துநரும் கேட்பதில்லை. அக்கேள்வியும் அதற்குரிய விடையுமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நேயர்களே, குளிர் என்பது தனியானதொரு பொருள் அன்று. வெப்பம் நீங்கிய நிலையையே குளிர் என்கிறோம். ஈர மணலின்மேல் வைத்த மண்பானையில் நீர் குளிர்ந்திருப்பதன் காரணம் யாவரும் அறிந்ததே. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகின்றது. ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே கவர்ந்து செல்கின்றது. காரின் குளிர்சாதனமும் இதே விதிப்படிதான் தொழிற்படுகின்றது. எனினும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. மண்பானை கசிவதனாற் குளிர்கின்றது. குளிர்சாதனமோ கசியாதிருந்தாற்றான் குளிரும். பானையில் நீர் குறைந்தால் கிணற்றில் மொண்டு ஊற்றலாம். குளிர்சாதனத்தினுள் இருப்பதோ திரும்பத் திரும்ப ஆவியாகியும் திரவமாகியும் ஒரே வட்டத்திற் சுற்றிவர வேண்டிய வாயு.

அந்த வட்டத்தில் நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன. எஞ்சினோடு பட்டியாற் பிணைக்கப்பட்ட கொம்பிரசர் வாயுவை அமுக்கிச் சூடாக்கி அனுப்புகின்றது. ஒடுக்கி எனப்படும் குழாய்ச் சட்டத்தில் அவ்வாயு வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகின்றது. அத்திரவம் விரிவு வால்வின் சிறு துவாரத்தைக் கடந்ததும் அமுக்கம் திடீரெனக் குறைகின்றது. பின்னர் ஆவியாக்கியினுள் அது கொதித்து, காரினுள் இருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு, வாயுவாக மீண்டும் கொம்பிரசரை அடைகின்றது. ‘கொதித்து’ என்றதும் நெருப்பை நினைக்க வேண்டியதில்லை. பழைய கார்களில் நிரப்பப்பட்ட ஆர்-12 என்னும் பொருள் சாதாரண வளியமுக்கத்திற் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 30 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் இயல்புடையது.

இந்த ஆர்-12 தோன்றிய வரலாறு அறியத்தக்கது. அதற்கு முன்னர் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு முதலிய வாயுக்களே பயன்பட்டன. அவை நச்சுத்தன்மை வாய்ந்தவை. குழாய் கசிந்து வீட்டிலுள்ளோர் இறந்த நிகழ்ச்சிகளும் உண்டு. இக்குறையை நீக்க முற்பட்ட அமெரிக்கரான தோமஸ் மிட்ஜிலி, தம் துணைவர்களோடு சேர்ந்து, காபன், குளோரீன், புளோரீன் ஆகியவை இணைந்த சேர்வையொன்றை உருவாக்கினார். அது நஞ்சன்று, தீப்பற்றாது, உலோகத்தை அரிக்காது. 1930ஆம் ஆண்டில் இரசாயன அறிஞர்கள் கூடிய அவையொன்றில் அவர் அவ்வாயுவைத் தாமே மூச்சாக உள்ளிழுத்து, பின்னர் அதனை ஊதி எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். நஞ்சன்மையும் தீப்பற்றாமையும் ஒரே மூச்சில் நிறுவப்பட்டன. அவையினர் வியந்தனர். அவ்வாயு வானின் உயரத்தை அடைந்தால் என்ன செய்யும் என்பதை அன்று அறிந்தவர் எவருமிலர்.

மோட்டார் காருக்குள் குளிர்சாதனம் புகுந்தது 1939ஆம் ஆண்டின் இறுதியிலாகும். அமெரிக்கப் பக்கார்ட் கார்களில் முதன்முதல் அமைக்கப்பட்ட அச்சாதனம் பொதிகள் வைக்கும் பின்னறையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அதனை நிறுத்துவதற்கு ஆளியுங் கிடையாது. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, கொம்பிரசரின் பட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. விசாலமான கார்களிலேயே நிலை இதுவானால், இருவர் அமர்வதற்கென்று சிறிதாகவும் தாழ்வாகவும் அமைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் அதற்கு இடம் கிடைப்பது எளிதா? அமெரிக்கக் கோர்வெட் காரில் 1963ஆம் ஆண்டிலேதான் விரும்பியோர்க்குக் குளிர்சாதனம் வழங்கப்பட்டது. அதே 1963இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர்க் கண்காட்சியிற் காட்டப்பட்ட போர்ஷே 911 காரின் கதை இன்னும் சிக்கலானது.

911 காரின் எஞ்சின் பின்புறத்தில் இருக்கின்றது. அந்நாளில் அதனைக் குளிர்வித்தது நீரன்று, விசிறியால் வீசப்பட்ட காற்று. ஜேர்மனியின் காலநிலையை எண்ணி வகுக்கப்பட்ட அவ்வண்டி, அமெரிக்காவின் வெப்பமான மாநிலங்களில் விலைபோகத் தொடங்கியபோது, குளிர்சாதனமும் வேண்டும் என்று வாங்குவோர் கேட்டனர். முன்னமே கட்டிமுடித்த வீட்டில் புதிதாக ஓர் அறை சேர்ப்பதுபோல அச்சாதனம் வண்டிக்குள் புகுத்தப்பட்டது. எண்பதுகளில் வெளிவந்த வண்டியொன்றை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். கொம்பிரசர் பின்னே எஞ்சினோடு இருக்கின்றது. ஓர் ஒடுக்கி எஞ்சின் மூடியின் கீழேயும், மற்றோர் ஒடுக்கி வண்டியின் முன்முகப்பிலும் உள்ளன. ஆவியாக்கியும் முன்புறத்திலேயே இருக்கின்றது. எனவே வாயு வண்டியின் வாலிலிருந்து தலைவரை சென்று, மீண்டும் தலையிலிருந்து வால்வரை திரும்ப வேண்டும். அதற்கென நீண்ட இறப்பர் குழாய்கள் வண்டியின் அடிப்புறமாக ஓடுகின்றன. மேலும், மூடியின் கீழுள்ள ஒடுக்கிக்குக் காற்றை இழுத்துத் தருவது எஞ்சினின் விசிறியே. நெரிசலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுழலும். விசிறியும் மெதுவாகவே சுழலும். குளிர் மிகவும் தேவைப்படும் அவ்வேளையிலேயே குளிர் குறையும்.

இத்தகைய அமைப்பிற் கசிவு எங்கே உண்டாகின்றது? மூன்று வழிகளைத் தலையாயவையாகக் கூறலாம். முதலாவது, குழாயின் சுவர். அக்காலத்து இறப்பர் குழாய் பார்வைக்குப் பழுதின்றி இருந்தாலும் அதன் சுவரினூடாகவே வாயு சிறிது சிறிதாக ஊடுருவி வெளியேறும். குழாயின் நீளம் கூடுந்தோறும் இந்த இழப்புங் கூடும். இரண்டாவது, பொருத்துகள். ஒவ்வொரு பொருத்திலும் உள்ள இறப்பர் வளையம் சூட்டினாலும் வயதினாலும் இறுகி, நெகிழ்ச்சி இழந்துவிடும். மூன்றாவது, கொம்பிரசரின் சுழலும் தண்டைச் சூழ்ந்துள்ள அடைப்பு. வாயுவோடு கலந்து சுற்றும் எண்ணெயே அவ்வடைப்பை ஈரமாக வைத்திருப்பது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் மாதக்கணக்கிற் கொட்டகையில் மூடிவைக்கப்படும். சுழலாத கொம்பிரசரின் அடைப்பு உலர்ந்துபோகும். உலர்ந்த அடைப்புக் கசியும். ஓடித் தேய்வதைக் காட்டிலும் ஓடாமற் கெடுவது இவ்வண்டிகளின் விதி. குளிர்காலத்திலும் இடையிடையே சில நிமிடங்கள் குளிர்சாதனத்தை இயக்குமாறு அனுபவசாலிகள் கூறுவது இதனாலேயே.

இனி, கசிந்த வாயு எங்கே போயிற்று என்பதைப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டில் மரியோ மொலினா, ஷெர்வுட் றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் இக்கேள்வியை எழுப்பி விடையுங் கூறினர். எதனோடும் எளிதிற் சேராத அவ்வாயு, மழையிற் கரையாமலும் மண்ணிற் படியாமலும் நெடுங்காலம் உலவி, படைமண்டலத்தை அடைகின்றது. அங்கே சூரியனின் புறவூதாக் கதிர்கள் அதனை உடைக்கும்போது குளோரீன் அணு விடுபடுகின்றது. விடுபட்ட ஒரு குளோரீன் அணு ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை சிதைக்கவல்லது. நிலத்தில் வாழும் உயிர்களைக் கடுங்கதிர்களிலிருந்து காத்துநிற்கும் குடை ஓசோன் படையேயாகும். மிட்ஜிலி எந்தக் குணத்தைப் பெருங்குணமென்று அவையிற் காட்டினாரோ, அந்த நிலைபேறே கேடாக முடிந்தது. எதனாலும் கெடாத பொருள், கெடாமலே வானம்வரை சென்றுவிட்டது.

1985ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர்களான பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அந்தாட்டிக்காவின் மேலே வசந்த காலத்தில் ஓசோன் பெரிதுங் குறைந்துபோவதைத் தம் அளவீடுகளால் எடுத்துக்காட்டினர். ஸ்ருட்கார்ட் ஆலையிலிருந்து அதே ஆண்டில் வெளிவந்த கார்களினுள்ளே அதே வாயு நிரப்பப்பட்டிருந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1987 செப்டெம்பர் 16ஆம் நாள், கனடாவின் மொன்றியல் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அது 1989 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது மேலும் இறுக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டின் முடிவோடு தொழில் வளம் மிக்க நாடுகளில் ஆர்-12 உற்பத்தி நின்றது. 2010இல் வளர்முக நாடுகளிலும் நின்றது. கண்ணாற் காணாத ஓர் ஆபத்தைக் கண்டவர் சொற்கேட்டு உலகம் ஒன்றுபட்டுத் தடுத்த அரிய நிகழ்ச்சி இது.

சட்டம் ஆலையை நிறுத்திவிடும். ஆனால் முன்னமே தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை என் செய்வது? இவ்விடத்திலேதான் பழைய காரைத் திருத்துபவரின் பொறுப்புத் தொடங்குகின்றது. அமெரிக்காவில் 1992 ஜூலை முதலாந் திகதியிலிருந்து இவ்வாயுவை வேண்டுமென்றே வெளியே விடுவது சட்டவிரோதமாயிற்று. ஊதியம் பெற்றுக் கார்க் குளிர்சாதனத்தைத் திருத்துவோர் அதற்கெனப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பதும் அங்கே விதியாயிற்று. முன்பெல்லாம் குழாயைத் தளர்த்தி ‘உஸ்’ என்று வாயுவைப் போகவிட்டு வேலையைத் தொடங்குவது கராஜுகளில் அன்றாட வழக்கம். இன்று அவ்வாயுவை இயந்திரங் கொண்டு உறிஞ்சி உருளையிற் சேமித்த பின்னரே குழாயிற் கைவைக்க வேண்டும்.

முறையான திருத்தம் வாயுவை நிரப்புவதிலே தொடங்குவதில்லை. கசிவைத் தேடுவதிலே தொடங்குகின்றது. கைதேர்ந்த திருத்துநர் முதலில் கண்ணால் ஆராய்வார். வாயு கசியும் இடத்தில் எண்ணெயுங் கசிந்து தூசியைப் பிடித்து வைத்திருக்கும். கறுத்துப் பிசுபிசுத்த ஒரு பொருத்து, பேசாமலே தன் குறையைச் சொல்லிவிடும். பின்னர் வெறுமையான குழாய்களில் உலர்ந்த நைதரசனை அமுக்கத்தோடு செலுத்தி, பொருத்துகளிற் சவர்க்கார நுரையைத் தடவுவார். குமிழி எழும்பும் இடமே குற்றவாளி. இதற்கு நைதரசனையே பயன்படுத்த வேண்டும். எண்ணெயோடு சேர்ந்த ஒட்சிசன் வெடித்து உயிரைக் குடிக்கும். ஆதலால் அதனை ஒருபோதுங் குழாயிற் செலுத்தலாகாது. முற்காலத் திருத்துநர்கள் செம்புத் தகடு பொருத்திய சிறு விளக்கொன்றைக் கசிவுள்ள இடத்தருகே கொண்டுசெல்வர். வாயுவிலுள்ள குளோரீன் பட்டதும் சுவாலை பச்சையாகும். அழகிய முறைதான். ஆயின் வாயு நெருப்பிற் பட்டால் நச்சுப்புகை தோன்றும். புதிய வாயுவிலோ குளோரீன் இல்லாமையாற் சுவாலை நிறம் மாறுவதுமில்லை. இன்று மின் உணர்கருவியும், புறவூதா ஒளியில் மிளிரும் சாயமும் அவ்விளக்கின் இடத்தைப் பெற்றுவிட்டன.

கசிவு கண்டபின் செய்வன மூன்று. பழைய இறப்பர் குழாய்களை நீக்கி, உட்புறத்தே நைலோன் படை கொண்ட புதிய குழாய்களை இட வேண்டும். பொருத்துகள் யாவற்றிலும் புதிய வளையங்களை எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும். உலர்த்தும் உருளையையும் மாற்ற வேண்டும். இவ்வுருளை சிறியது, பலராலும் புறக்கணிக்கப்படுவது. குழாய்களுள் நுழையும் ஈரத்தைப் பிடித்துவைப்பது அதன் தொழில். குழாய் திறந்துகிடந்தால் வெளிக்காற்றின் ஈரத்தை அது விரைவில் உறிஞ்சி நிரம்பிவிடும். அதனை மாற்றாமல் விட்டால், ஈரம் விரிவு வால்வின் வாயிலே பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். வாயுவோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும்.

அதன்பின் வெற்றிடப் பம்பியாற் குழாய்களிலுள்ள காற்று முழுவதையும் இழுத்துவிட வேண்டும். காற்றை அகற்றுவது மட்டும் இதன் நோக்கமன்று. 760 மில்லிமீற்றர் இரச அமுக்கத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், அமுக்கம் 24 மில்லிமீற்றராகக் குறைந்தால் 25 பாகையிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தை நெருப்பின்றிக் கொதிக்கவைத்து வெளியேற்றும் வழி இதுவே. பின்னர் பம்பியை நிறுத்தி, மானியின் முள்ளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். முள் அசையாது நின்றால் வேலை நன்று. மெல்ல ஏறுமாயின், எங்கோ ஓரிடத்திற் கசிவு எஞ்சியிருக்கின்றது, அல்லது ஈரம் முற்றும் நீங்கவில்லை என்று கொள்க. வண்டிக்காரர் அவசரப்படுவதும், திருத்துநர் அந்த அவசரத்துக்கு இணங்குவதும் இந்தக் கட்டத்திலேதான். அரைமணிநேரப் பொறுமையின்மையே அடுத்த ஆண்டின் கசிவுக்கு வித்தாகின்றது.

இனி எந்த வாயுவை நிரப்புவது? பெரும்பாலோர் தெரிந்துகொள்வது ஆர்-134ஏ என்னும் வாயுவை. அதிற் குளோரீன் இல்லை. ஆதலால் ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் பழைய வாயு இருந்த இடத்தில் அதனை அப்படியே ஊற்றிவிட முடியாது. பழைய கனிய எண்ணெயோடு அது கலவாது. ஆகவே பழைய எண்ணெயை இயன்றவரை வடித்துவிட்டு, அதற்கென்று அமைந்த எசுத்தர் எண்ணெயை இட வேண்டும். நிரப்பும் அளவும், நிறைப்படி, முன்னைய அளவில் 80 முதல் 90 சதவீதமே. வாயு கூடினாற் குளிர் கூடும் என்பது தவறான எண்ணம்; கூடுதலான வாயு அமுக்கத்தை ஏற்றிக் குளிரைக் குறைப்பதோடு கொம்பிரசருக்குங் கேடு விளைக்கும். புதிய மூலக்கூறு சிறியதாதலின் பழைய குழாய்கள் வழியே இன்னும் எளிதிற் கசியும். 911 போன்ற வண்டியில் ஒடுக்கிகளின் ஆற்றல் முன்னமே போதாமையால், நல்ல விசிறியோ பெரிய ஒடுக்கியோ சேர்க்காவிட்டால், நெரிசலிற் குளிர் முன்னையிலும் குறைவாகவே இருக்கும். நிரப்பும் வாயிற் பொருத்தையும் புதிய வகையாக மாற்றி, உள்ளே இருப்பது எந்த வாயு என்பதைக் காட்டும் சீட்டையும் ஒட்டிவிடல் வேண்டும். அடுத்துத் திறப்பவர் எவராயினும் அவர் ஏமாறாதிருப்பதற்கு இது இன்றியமையாதது.

குறுக்குவழிகளும் உண்டு. சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்த எரிவாயுக் கலவைகளை மலிவாக விற்பாருளர். அவை குளிரைத் தருவது உண்மையே. ஆனால், தீப்பற்றாத பொருளுக்கென்று அமைக்கப்பட்ட குழாய்களில் தீப்பற்றும் பொருளை நிரப்பி, மனிதர் அமரும் அறைக்கருகே ஓடவிடுவது துணிச்சலேயன்றி அறிவாகாது. கசிவை அடைக்கும் என்று கூறித் திரவங்களை ஊற்றுவோரும் உளர். அத்திரவம் துளையை மட்டுமன்றி வால்வையும், வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரத்தையும் சேர்த்தே அடைத்துவிடலாம்.

ஆர்-134ஏ குற்றமற்றதா என்றால், அதுவுமன்று. ஓசோனைத் தொடாவிடினும், புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோகிராம் ஆர்-134ஏ, நூறு ஆண்டுக் கணக்கில், 1300 கிலோகிராமுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்கு நிகராகும். பழைய ஆர்-12க்கு அந்த எண் ஏறத்தாழப் பத்தாயிரம். 2016இற் கிகாலி நகரிற் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் நாடுகள் இவ்வகைப் புதிய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க இணங்கின. ஐரோப்பாவில் 2017 முதல் விற்கப்படும் புதிய கார்கள் யாவும் அதனினும் மிகக் குறைந்த தீங்குடைய வாயுக்களையே கொண்டிருக்க வேண்டும். முன்பு நஞ்சுக்கு மாற்றாக வந்தது ஓசோனைக் கெடுத்தது. அதற்கு மாற்றாக வந்தது புவியைச் சூடாக்குகின்றது. எந்த வாயுவும் முழு நன்மையன்று. ஆதலால் வாயுவின் பெயரைப் பார்க்கிலும், அது வெளியே போகாமற் காக்கும் வேலையின் தரமே பெரிதாகின்றது.

இவ்வளவு பாடும் செலவும் ஒரு பழைய காருக்குத் தகுமா என்று சிலர் வினவலாம். ஒரு வண்டியில் உள்ள வாயு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டதே. ஆனால் வானைக் கெடுத்தது பெரிய கொள்கலனொன்று உடைந்ததனால் நேர்ந்த விபத்தன்று; எண்ணற்ற இடங்களிற் சிறிது சிறிதாக வெளியேறியதன் தொகையே அது. கெடுத்தது சிறு கசிவுகளானால், காப்பதும் சிறு பொருத்துகளை இறுக்கும் கைகளே. உடன்படிக்கையிற் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. வண்டியின் அடியிற் படுத்து, எவருங் காணாத இடத்தில், பழைய வளையத்தைக் கழற்றிப் புதியதை எண்ணெய் தடவி இட்டவரின் பெயர் எங்குமில்லை. அவ்வுடன்படிக்கை தாளில் மட்டும் நின்றுவிடாமற் செயலாவது இவ்விருவராலுமே.

ஓசோன் படை தேறி வருகின்றது. இன்றைய விதிகள் தளராதிருந்தால், உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும், அந்தாட்டிக்காவில் 2066ஆம் ஆண்டளவிலும் அது 1980இன் நிலையை மீண்டும் அடையும் என விஞ்ஞானிகள் 2022இற் கணித்துள்ளனர். ஆர்-12 வாயுவோ ஏறத்தாழ நூறு ஆண்டு வானில் நிலைத்திருப்பது. பாட்டன் காலத்திற் கசிந்தது பேரன் காலத்திலும் மேலே இருக்கும் என்பது இதன் பொருள்.

ஆகவே, பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பேணுவோர் திருத்துநரிடம் கேட்க வேண்டியது, ‘வாயு நிரப்ப எவ்வளவு?’ என்பதன்று, ‘எங்கே கசிந்தது?’ என்பதே. அதற்கு விடை சொல்லாத திருத்தம் எவ்வளவு மலிவாயினும் வீண் செலவு. நல்ல திருத்தம் செய்யப்பட்ட அன்று குளிர் வீசுவது பெரிதன்று. கசிவுள்ள வண்டியிலும் நிரப்பிய அன்று குளிர் வீசத்தான் செய்யும். அடுத்த கோடையிலும், அதற்கடுத்த கோடையிலும் அந்தக் கார் வாயு வேண்டிக் கராஜின் வாசலில் வந்து நில்லாதிருப்பதே அத்திருத்தத்துக்கு நற்சான்றாகும்.